தாழ்ந்த மோட்டார் வண்டியும் வாயிற் சரிவும்

மழைநீர் உட்புகாதிருக்கும் பொருட்டு வீட்டின் தளத்தைத் தெருமட்டத்திற்கு மேல் உயர்த்திக் கட்டுவது நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் காணப்படும் வழக்கமாகும். தெருவோரச் சாக்கடையைக் கடந்து அவ்வுயரத்தை எட்டுவதற்காக வாயிலின் முன் சிமெண்டுச் சரிவு ஒன்று அமைக்கப்படுகிறது. இடம் குறுகியதாயின் சரிவு கடுமையாகி விடுகிறது. காலையில் ஓட்டுநர் மட்டும் அமர்ந்திருக்க, வண்டி ஓசையின்றி இறங்கிச் செல்கிறது. மாலையில் ஐவரை ஏற்றிக்கொண்டு அதே வண்டி அதே சரிவில் ஏறும்போது அடிப்பாகம் தரையில் உரசுகிறது. சரிவு மாறவில்லை, பின் மாறியது யாது?

இதனை அறிவதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். வண்டி உரசுவதற்குக் காரணம் சரிவு அன்று. சரிவில் ஏற்படும் மாற்றமே. மலைப்பாதையில் எத்துணைக் கடுமையான ஏற்றமாயினும், அது ஒரே சீராக இருக்கும்வரை, வண்டியின் அடிப்பாகத்திற்கும் தரைக்கும் உள்ள இடைவெளி சமதரையில் உள்ளது போலவே இருக்கும். சரிவு தொடங்கும் அடிவாரமும், அது முடிந்து சமதளமாகும் முகடும் ஆகிய இரண்டு இடங்களே இடர் தருவன.

முதலில் முகட்டை நோக்குவோம். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே 2.4 மீட்டர் தூரம் உள்ள வண்டி ஒன்றைக் கொள்க. சரிவு 4-க்கு 1, அதாவது நான்கு மீட்டர் செல்வதற்குள் ஒரு மீட்டர் உயர்வது, எனக் கொள்க. வண்டியின் நடுப்பகுதி முகட்டிற்கு நேர் மேலே வரும்போது முன் சக்கரம் 1.2 மீட்டர் முன்னால் சமதளத்தில் நிற்கும். பின் சக்கரம் 1.2 மீட்டர் பின்னால், முகட்டைவிட 30 சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கும். இரண்டு சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களை ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அக்கோட்டின் நடுப்புள்ளி முகட்டிற்குக் கீழே 15 சென்டிமீட்டரில் அமையும். அஃதாவது தரை, வண்டியின் வயிற்றை நோக்கி 15 சென்டிமீட்டர் எழுந்து நிற்கிறது எனலாம். சக்கர இடைத்தூரத்தைச் சரிவின் மாற்றத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் இந்த அளவு கிடைக்கும். கோண அளவுகளையும் அட்டவணைகளையும் நாடாமலே, களப்பணியாளர் எவரும் மனக்கணக்காகப் போடக்கூடிய விதி இது.

வண்டியின் தரை இடைவெளி 16 சென்டிமீட்டராயின் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சும், உரசாது. ஐவர் ஏறியமர்ந்ததால் ஸ்பிரிங்குகள் அமுங்கி, இடைவெளி 13 சென்டிமீட்டராகக் குறைந்தது எனில் இரண்டு சென்டிமீட்டர் போதாமல் போகிறது. காலைக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆகவே முகட்டிற்கு முன் பயணிகளை இறக்கி விடுதல் செலவில்லாத முதற் பரிகாரம்.

தரை இடைவெளியைப் போலவே சக்கர இடைத்தூரமும் முக்கியமானது என்பது இவ்விதியிலிருந்து புலனாகும். 2.03 மீட்டர் இடைத்தூரம் கொண்ட பழைய குட்டை ஜீப்புக்கு அதே முகட்டில் ஏறத்தாழ 12.7 சென்டிமீட்டர் போதும். 2.46 மீட்டர் கொண்ட அம்பாசடர் வண்டிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். ஜீப்பு ஏறிய இடத்தில் காரும் ஏறும் என்று கருதி, உரசலில் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. தொட்டி பிளந்தது தெரியாமல் வண்டியை மேலும் ஓட்டினால், எண்ணெய் வடிந்து எஞ்சினே இறுகிப்போகும். பலத்த உரசலுக்குப்பின் இறங்கி, வண்டியின் அடியில் எண்ணெய்க் கசிவு உண்டா எனப் பார்ப்பது இன்றியமையாதது. மின்கலங்களைத் தரைப்பலகைக்குக் கீழே தாங்கிய இக்கால மின்சாரக் கார்களில் அடிபடும் பொருள் வேறு, எச்சரிக்கை அதுவே.

முகட்டை நேராகக் கடவாது சாய்வாகக் கடப்பது ஓட்டுநர் பலர் அனுபவத்தால் கண்ட முறை. முகட்டிற்குச் செங்குத்தான திசையில் அளந்தால் சக்கர இடைத்தூரம் குறுகிவிடுவதே அதன் காரணமாகும். 45 பாகை சாய்த்து ஓட்டினால் 15 சென்டிமீட்டருக்குப் பதிலாகச் சுமார் 10.5 சென்டிமீட்டரே தேவைப்படும். பயணிகளை இறக்காமலே கடக்கலாம். 30 பாகை மட்டும் சாய்த்தால் தேவை 13 சென்டிமீட்டர். மேற்கண்ட வண்டியில் இருப்பதும் அவ்வளவே. ஆகவே அதனை நம்புவதற்கில்லை. ஆயினும் ஒடுங்கிய வாயில்களில் சாய்வாகச் செல்ல இடமிராது. சரிவின் ஓரத்தில் சாக்கடை திறந்திருந்தால் சக்கரம் அதில் விழுவது உரசலினும் பெரிய கேடு. தெருவில் குறுக்கே வளையும் வண்டியை மிதிவண்டிக்காரர் எதிர்பார்ப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

அடிவாரத்தில் இடர்ப்படுவது பம்பர். முன் சக்கரத்திற்கு 70 சென்டிமீட்டர் முன்னால் நீண்டு, தரையினின்று 18 சென்டிமீட்டர் உயரத்தில் பம்பர் இருப்பின், 4-க்கு 1 சரிவு அதன் அடியில் 17.5 சென்டிமீட்டர் எழுந்திருக்கும். மிஞ்சுவது அரை சென்டிமீட்டர். பிரேக்கை அழுத்தினால் வண்டியின் மூக்கு தாழும். அந்த அரை சென்டிமீட்டரும் போய்விடும். எனவே பிரேக்கைச் சற்று முன்னதாகவே அழுத்தி, வேகத்தைத் தணித்து, அடிவாரத்தை அடையுமுன் விட்டுவிட வேண்டும். விசையாக ஏறினால் தப்பலாம் என்பது பிழை. வேகம் ஸ்பிரிங்கை மேலும் அமுக்கவே செய்யும். வால் நீண்ட வண்டிகளில் ஏறும்போது பின்பகுதி உரசுவதும் உண்டு. வண்டியைப் பின்னோக்கி ஏற்றினால் மூக்கும் வாலும் இடம் மாறுமேயன்றி, முகட்டில் யாதொரு பயனும் இல்லை.

அவசரத்திற்குப் பலகைகளைப் பயன்படுத்தலாம். 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள பலகைகளைப் பின் சக்கரங்களின் கீழ் மட்டும் இட்டால் வண்டியின் நடுப்பகுதி இரண்டரை சென்டிமீட்டரே உயரும்; முன் சக்கரங்களுக்கும் இட்டால்தான் முழுப்பயன் கிடைக்கும். பலகை வழுக்கிப் பின்னே பாயக்கூடும். அதன் பின்னால் எவரும் நிற்கலாகாது.

நிலையான பரிகாரம் கொத்தனார் கையில் உள்ளது. 45 சென்டிமீட்டர் உயரத்தை 1.8 மீட்டர் நீளத்தில் ஏறுவதற்குப் பதிலாக 3.6 மீட்டரில் ஏறினால் சரிவு 8-க்கு 1 ஆகும்; முகட்டின் தேவை 7.5 சென்டிமீட்டராகப் பாதியாகும். மிகுந்த நீளத்தை வாயிலுக்கு உட்புறம் கொள்ள வேண்டும். தெருவை நோக்கி நீட்டுவோர் சாக்கடையை அடைத்து, அண்டை வீட்டாரின் வாயிலில் மழைநீரைத் தேக்குகின்றனர். தம் வண்டிக்கு வந்த துன்பத்தைத் தெருவாருக்கு மாற்றிவிடும் செயல் இது.

தெருவில் உள்ள வேகத்தடைக்கும் இதே கணக்கு பொருந்தும். இந்தியச் சாலைக் காங்கிரசு 1988-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டவில்லின் வடிவமும் கொண்டது. அதன்மீது நம் 2.4 மீட்டர் வண்டி நிற்கையில், சக்கரங்களுக்கிடையே அது 4.2 சென்டிமீட்டரே எழும்பும். அரை முழ அகலத்தில் அதே 10 சென்டிமீட்டர் உயரத்திற்குக் குவிக்கப்பட்ட மேடோ, தன் உயரம் முழுவதையும் சக்கரங்களுக்கு நடுவே நிறுத்துகிறது. ஐவர் அமர்ந்த வண்டிக்கு அங்கே எஞ்சுவது 3 சென்டிமீட்டர். உயரம் ஒன்றே, உரசலுக்கு அண்மையில் கொண்டு நிறுத்துவது அகலக் குறைவு.

வகுப்பில் இதனைக் காட்ட அட்டையும் கட்டத்தாளும் போதும். இருபதில் ஒரு பங்கு அளவில், சக்கர இடைத்தூரம் 12 சென்டிமீட்டரும் வயிற்றின் உயரம் 8 மில்லிமீட்டரும் கொண்ட வண்டி ஒன்றை அட்டையில் வெட்டுக. கட்டத்தாளில் 4-க்கு 1 சரிவையும் முகட்டையும் வரைந்து, இரு சக்கரங்களும் கோட்டைத் தொடும்படி அட்டையை நகர்த்திச் செல்க. முகட்டில் மயிரிழையில் தப்பும். பின்னர் வயிற்றின் மீது ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள அட்டைக் கீற்று ஒன்றைக் கீழ்ப்புறமாக ஒட்டி மீண்டும் நகர்த்துக. ஐந்து பயணிகளின் சுமை அக்கீற்று. அது எந்த இடத்தில் கோட்டை முதலில் தொடுகிறது என்பதை மாணவரே பென்சிலால் குறிக்கட்டும்.