பசியாற மறுக்கும் பெற்றோர்

மறதிநோய் கண்டவர்கள் சாப்பாட்டை மறுப்பது பெரும்பாலும் பிடிவாதத்தால் அல்ல. பசி என்ற உணர்வே மங்கியிருக்கும், அல்லது தட்டில் இருப்பது சாப்பாடு என்று பிடிபடாது. மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்று 2018ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு கணித்தது. முதியவர்கள் அதிகம் வாழும் பினாங்கில், குயின் ஸ்திரீட் கடைவீடாயினும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியாயினும், மதியச் சாப்பாடு இழுபறியாகிப் போகும் வீடுகள் இருக்கவே செய்யும்.

நன்றாகச் சாப்பிட்டு வந்தவர் திடீரென்று ஓரிரு நாளில் மறுத்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தளர்ந்துபோன பல்செட், வாய்ப்புண் எதையும் அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். மறதிநோய்க்குத் தரும் டோனெபிசில், இனிப்புநீருக்குத் தரும் மெட்ஃபோர்மின் இரண்டுமே குமட்டலையும் பசியின்மையையும் உண்டாக்கக்கூடியவை. இன்சுலின் போட்டுக்கொண்டோ கிளிக்லாசைட் விழுங்கிவிட்டோ சாப்பாட்டைத் தள்ளினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். சாப்பிடாத நாளில் மருந்தை என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். நெருக்கடி வந்தபின் தொலைபேசியைத் தேடுவதில் பயனில்லை.

அடுத்தது கண். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறும் தயிரும் இருந்தால், மறதிநோய் முற்றியவருக்கு அது காலித் தட்டாகவே தெரியக்கூடும். பூப்போட்ட பீங்கானில் பரிமாறினால் சோற்றை விட்டுவிட்டுப் பூவைக் கிள்ளிப் பார்ப்பவர்களும் உண்டு. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், அடர்சிவப்புத் தட்டும் குவளையும் கொடுத்தபோது நோயாளிகள் உண்ட உணவு 25 விழுக்காடும் குடித்த பானம் 84 விழுக்காடும் கூடின. தமிழர் வீட்டில் சிவப்புத் தட்டைத் தேடி அலைய வேண்டாம், வாழையிலையே போதும். ஆனால் இலை நிறையக் கறியும் கூட்டும் ஊறுகாயும் வைத்தால் எதை எடுப்பது என்று திகைத்துவிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றோ இரண்டோ வைத்தால் போதும்.

நினைவு போன பிறகும் வாழ்நாள் பழக்கம் நெடுநாள் நிற்கும். மறுப்புக்கான காரணமும் அதை நீக்கும் வழியும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் கடைசியாக உட்கார்ந்தே பழகிய அம்மா, முதல் ஆளாகத் தட்டை வைத்தால் தள்ளத்தான் செய்வார். “நாங்க எல்லாம் பசியாறியாச்சும்மா, நீங்க சாப்பிடுங்க” என்று சொன்னால் கை தானாக இலைக்குப் போவதுண்டு. “இன்னிக்கு வெள்ளிக்கிழமை” என்று மீன்குழம்பை ஒதுக்குபவரிடம் நாள்காட்டியைக் காட்டி வாதாடுவது வீண் வேலை. சாம்பாரை எடுத்து வந்தால் சண்டை முடிந்தது. சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டுமே என்று பயந்து மறுப்பவருக்கு “காசு கட்டியாச்சுப்பா” என்ற ஒரு சொல் போதும். துறைமுகத்தில் வேலை பார்த்து, விடியற்காலையில் கோப்பியும் ரொட்டி சானாயும் சாப்பிட்டே பழகிய அப்பாவுக்கு ஒன்பது மணி ஓட்ஸ் கஞ்சி அந்நியம். அவரைக் கூட்டமில்லாத நேரத்தில் பழைய கடைக்கே அழைத்துப் போனால், வீட்டில் தொடாததைச் சாப்பிடுவதைக் காணலாம். நண்பகல் நாசி கண்டார் கடை மட்டும் வேண்டாம். அந்த இரைச்சலில் தட்டே மறந்துபோகும். வீட்டிலும் தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டும்.

கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் போனவர்களுக்கும் விரல் பழக்கம் மிஞ்சியிருக்கும். முதல் இட்லித் துண்டைக் கையில் வைத்து, அந்தக் கையை மெல்ல வாய் வரை கொண்டுபோய் விட்டால் அடுத்த துண்டைத் தாமே எடுப்பார்கள். எதிரில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவது இன்னும் நல்லது. பார்த்துச் செய்யும் திறன் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. முதியவர் பிற்காலத்தில் கற்ற மலாய் முதலில் நழுவக்கூடும் என்பதால், இந்தோனேசியப் பணிப்பெண் ஊட்டும் வீடுகளில் அந்தப் பெண்ணுக்குச் சாப்பாட்டுத் தமிழ்ச் சொற்கள் நாலைந்தைக் கற்றுக்கொடுப்பது நலம்.

பலருக்குக் காலையில்தான் பசி தெளிவாக இருக்கும். மாலையில் பதற்றம் கூடும். எனவே பெரிய சாப்பாட்டைக் காலைக்கு மாற்றி, மற்ற நேரங்களில் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். அளவைக் கூட்ட முடியாதபோது சத்தைக் கூட்ட வேண்டும்: கஞ்சியில் முட்டை, பருப்பில் நெய், பானத்தில் பால்மாவு. பலர் இனிப்பையே நாடுவார்கள். மெலிந்துகொண்டே வரும் முதியவருக்கு இனிப்புநீர்ப் பத்தியத்தை இன்னும் எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பது மருத்துவரிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி.

சாப்பிடும்போது இருமல், தண்ணீர் குடித்தபின் கரகரத்த குரல், கன்னத்தில் அடக்கிவைத்த சோறு ஆகியவை விழுங்குவதில் சிக்கல் என்பதன் அடையாளங்கள். உணவு மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா வரலாம். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டி, அரை மணி நேரம் படுக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரசச் சோறு எளிது என்று தோன்றும். உண்மையில் நீரும் பருக்கையும் பிரியும் உணவுதான் கடினம். குழைத்துப் பிசைந்த பருப்புச் சோறு அதைவிடப் பாதுகாப்பானது. விழுங்கல் பரிசோதனைக்குப் பினாங்குப் பொது மருத்துவமனைக்குப் போகப் பரிந்துரைக் கடிதத்தைக் கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கேட்கலாம். மாதம் ஒருமுறை எடை பார்ப்பதும் அவசியம். ஒரு மாதத்தில் 5 விழுக்காடு, அதாவது 60 கிலோவில் 3 கிலோ குறைந்தால் காத்திருக்கக் கூடாது.

நோய் முற்றி விழுங்குவதே மிகவும் கடினமாகும் கட்டத்தில் மூக்குக்குழாய் பற்றிய பேச்சு எழும். முற்றிய மறதிநோய்க்குக் குழாய் உணவைப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் அறிவித்தது. குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. அதைப் பிடுங்காதபடி கைகளைக் கட்டிவைக்க வேண்டியும் வரலாம். பசியால் வாட விட்டோம் என்று உறவினர் பேசுவார்களே என்ற அச்சத்தில் குழாய்க்குச் சம்மதிக்கும் குடும்பங்கள் உண்டு. ஆகையால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் மருத்துவர் முன்னிலையில் ஒன்றாக உட்கார்ந்து, நெருக்கடிக்கு முன்பே இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும். குழாய் வேண்டாம் என்று முடிவானால், அவர் ஏற்கும் அளவு மட்டும் கையால் ஊட்டி, உதட்டையும் நாக்கையும் ஈரத்துணியால் அடிக்கடி நனைத்துக் கொடுப்பதே பராமரிப்பு.