நேற்று 130, இன்று 210: இரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்வோம்

“அதே இரண்டு இட்லி, அதே மாத்திரை. நேற்று 130 காட்டியது, இன்று 210 காட்டுகிறது. நாங்கள் என்ன தவறு செய்தோம்?” இக்கேள்வியை எங்கள் நீரிழிவுப் பிரிவில் அடிக்கடி கேட்கிறோம். சிலர் அதிகமாக வந்த எண்களை நோட்டில் குறிக்காமலே விட்டுவிடுகின்றனர். மருத்துவர் கடிந்துகொள்வாரோ, வீட்டில் ஏச்சு விழுமோ என்னும் அச்சமே காரணம். ஆனால், மறைக்கப்பட்ட அந்த எண்தான் பல வேளைகளில் சிகிச்சையைச் சீர்செய்ய எங்களுக்கு வழிகாட்டுகிறது.

உணவு மட்டுமே காரணமன்று

சர்க்கரை உணவிலிருந்து மட்டும் இரத்தத்திற்கு வருவதில்லை. நாம் உறங்கும்போதும் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து அதனை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் மிகுவதால் அது கூடுதலாக வெளிப்படும். இரவில் குறைவாக உண்டவருக்கும் காலையில் சர்க்கரை உயர்ந்திருப்பது இதனாலேயே. மனக்கவலை, உறக்கமின்மை, காய்ச்சல், பல் அல்லது சிறுநீர்த் தொற்று, ஸ்டீராய்டு மருந்து ஆகியனவும் சர்க்கரையை உயர்த்தும். மாறாக, வழக்கத்தைவிட அதிகம் நடந்த நாளில் அதன் விளைவு மறுநாள் வரைகூட நீடித்துச் சர்க்கரையைத் தாழ்த்தலாம்.

காலை அளவு உயர்ந்திருப்பதைக் கண்டு இரவு இன்சுலினைத் தாமாகவே கூட்டுவது ஆபத்தானது. நள்ளிரவில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். மருத்துவர் கூறும்போது சில நாட்கள் அதிகாலை 3 மணிக்குச் சோதித்துக் குறித்து வந்தால், உண்மைக் காரணம் புலப்படும்.

முதலில் அளவீட்டைச் சரிபார்ப்போம்

மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால், பழத்தின் சர்க்கரையும் சேர்ந்தே கணக்கில் வரும். சோப்பிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திய பின்னரே சோதிக்கவேண்டும். காலாவதியான பட்டைகளைப் பயன்படுத்தலாகாது. தரமான கருவியிலும் சுமார் 15 விழுக்காடு வேறுபாடு இருக்கக்கூடும். எனவே, 140-க்கும் 155-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு கலங்கவேண்டியதில்லை.

இன்சுலின் போடும் இடமும் வைக்கும் இடமும்

வலி குறைவு என்பதற்காக ஒரே இடத்தில் ஊசி போட்டு வந்தால், அங்குத் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகும். அதில் செலுத்தும் இன்சுலின் ஒருநாள் மெதுவாகவும், மறுநாள் விரைவாகவும் உறிஞ்சப்படும். ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடையேனும் தள்ளிப் போடுங்கள். கட்டி தென்பட்டால் எங்களிடம் காட்டுங்கள். நல்ல இடத்திற்கு மாறும்போது மருந்தின் அளவைக் குறைக்க நேரலாம்.

திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்ப்பகுதியில், 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்கவேண்டும். உறைந்துபோனதைப் பயன்படுத்தலாகாது. வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுச்செல்வதும் கூடாது.

சர்க்கரை தாழும்போது

அளவு 70-க்குக் கீழ் சென்றாலோ, வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தோன்றினாலோ காத்திருக்கலாகாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழ் இருந்தால் மறுபடியும் பருகுங்கள். சரியானதும் சிறிது உணவு கொள்ளுங்கள். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அது விரைந்து பயன் தராது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள்.

காய்ச்சல் நாட்களில்

சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை அறவே நிறுத்திவிடாதீர்கள். நோயுற்ற உடலில் உண்ணாமலே சர்க்கரை உயரும். அளவை அடிக்கடி சோதித்து, மாத்திரைகளில் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். ஓயாத வாந்தி, வேகமான மூச்சு, மயக்க நிலை இருப்பின் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

எண் உயர்ந்திருக்கும்போது “என்ன சாப்பிட்டாய்?” என்று முதலில் கேட்காதீர்கள். “நேற்று உறங்கினாயா? உடம்புக்கு எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். அன்றைய உணவு, நடை, உறக்கம், மனநிலை ஆகியவற்றை எண்ணோடு சேர்த்து ஒரு வரியில் குறித்து வைக்க உதவுங்கள். எல்லா ஏற்றத்தாழ்வுக்கும் காரணம் கண்டுவிட முடியாது. ஆயினும், இரண்டு வாரக் குறிப்பு ஒன்றாய்க் கிடைக்கும்போது, தனி எண் சொல்லாத செய்தியை அது சொல்லும். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டைத் திருத்தாமல், மறைக்காமல் கொண்டுவாருங்கள். நாம் சேர்ந்து படிப்போம்.