தூய்மைக்கு ஒரு கணக்கு

ஹைட்ரஜன் எரியும்போது கரியமில வாயு உண்டாவதில்லை, நீராவியே உண்டாகிறது. ஆதலின் அதனைத் தூய எரிபொருள் என்பர். ஆயினும், ஒரு பொருள் எரியும்போது தூயதாயிருத்தல் மட்டும் போதுமா? அது பிறந்த வழியும் தூயதாயிருத்தல் வேண்டும் அன்றோ?

இயற்கை வாயுவோடு நீராவியைச் சேர்த்து ஹைட்ரஜன் எடுப்பதே பெருவழக்கு. இம்முறையில் ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 முதல் 10 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. நீரில் மின்சாரத்தைச் செலுத்திப் பகுத்தல் மற்றொரு முறை. அவ்வாலையில் புகை சிறிதும் இல்லை. ஆனால் அம்மின்சாரம் எங்கே பிறந்தது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2022-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, தூய ஹைட்ரஜன் செய்வோருக்கு வரிச்சலுகை அளித்தது. மூலப்பொருள் எடுக்கும் இடம் முதல் ஆலையின் வாயில் வரை வெளிப்படும் வாயுக்கள் அனைத்தையும் கரியமில வாயுவின் அளவாக மாற்றிக் கூட்டுதல் வேண்டும். ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனுக்கு அக்கூட்டுத்தொகை 0.45 கிலோகிராமுக்குக் குறைந்தால், சட்டத்தில் குறித்த சலுகை 3 டாலர், 0.45 முதல் 1.5-க்குள் இருந்தால் 1 டாலர், 1.5 முதல் 2.5-க்குள் எனில் 75 சென்ட், 2.5 முதல் 4 வரை 60 சென்ட். நான்கைத் தாண்டினால் ஒன்றுமில்லை. தொழிலாளரின் கூலி, தொழிற்பயிற்சி ஆகியவை பற்றிய விதிகளைக் கைக்கொண்டோர்க்கே இத்தொகை முழுதும் கிட்டும்.

இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம் தேவை. நிலக்கரியால் பெறும் ஒரு யூனிட் மின்சாரம் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. காற்றாலை மின்சாரத்திற்கு இக்கணக்கில் சுழி. ஐம்பது யூனிட்டும் நிலக்கரியினின்று வந்தால், வெளிப்படுவது 50 கிலோகிராம்; இது பழைய முறையைவிட ஐந்து மடங்கு தீங்கு. நாற்பத்தொன்பது யூனிட் காற்றினின்று வந்து, ஒரே ஒரு யூனிட் நிலக்கரியினின்று வந்தாலோ, தொகை ஒரு கிலோகிராம் ஆகும். 3 டாலர் சலுகை 1 டாலராகச் சுருங்கும்!

வீடுகளுக்குச் சென்ற காற்றாலை மின்சாரத்தை ஆலை எடுத்துக்கொண்டால், வீடுகளுக்காக வேறோரிடத்தில் நிலக்கரியோ இயற்கை வாயுவோ எரியக்கூடும். அப்போது ஏட்டில் மட்டுமே தூய்மை நிற்கும். இதனைத் தடுக்கவே 2025 ஜனவரியில் வெளியான விதிகள் மூன்று நிபந்தனைகளை வகுத்தன. மின்சாரம் புதிதாகத் தோன்றியதாதல் வேண்டும். ஆலை உள்ள வட்டாரத்திலேயே கிடைப்பதாதல் வேண்டும். 2030 முதல், செலவிடும் அதே மணி நேரத்தில் உற்பத்தியானதாதல் வேண்டும். இவற்றுள் முதல் நிபந்தனைக்குச் சில விலக்குகளும் உண்டு.

அதே ஆண்டு ஜூலையில் வந்த மற்றொரு சட்டம், 2028 ஜனவரி முதல் நாளுக்கு முன் கட்டத் தொடங்கும் ஆலைகளுக்கே இச்சலுகை உண்டு என வரையறுத்தது.

சலுகையாக விடப்படும் பணம் பொதுமக்களுடையது. கணக்குப் பிழைபட்டால் பணமும் போகும், காற்றும் கெடும். ஆதலின் தூய்மையைப் பெயரால் அறியாது, அளந்து அறிதலே அறிவுடைமை.