கடலுக்குப் போகும் ஆற்று நீர் வீணா?

மாணவர்களே, மூடா ஆறு கெடாவில் பிறந்து, கீழ்ப்பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடி, கோல மூடாவில் கடலில் கலக்கிறது. ஜோர்ஜ் டவுனில் நாம் குடிக்கும் நீரில் பெரும்பகுதி இந்த ஆற்று நீரே. செபராங் பிறையின் வடபகுதி நெல் வயல்களுக்கும் இதுவே பாய்கிறது. விடுமுறை நாளில் கரையில் தூண்டில் போடுவோர் தேடுவது ‘உடாங் காலா’ எனும் பெரிய நன்னீர் இறாலை.

“கடலில் வீணாகக் கலக்கும் நீரையெல்லாம் வயலுக்குத் திருப்பினால் என்ன, டீச்சர்?” என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆவியாதல், நீராவிப்போக்கு, கசிவு ஆகியவற்றால் வயலில் நாளுக்கு 10 மில்லிமீட்டர் நீர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டர் 10,000 சதுர மீட்டர். ஆகவே, இழப்பு 100 கன மீட்டர். அதாவது 100,000 லிட்டர். நெல்லுக்கு உண்மையிலேயே நிறைய நீர் வேண்டும்.

இனி இறாலைப் பாருங்கள். அது வளர்வது நன்னீரில். ஆனால், முட்டை சுமக்கும் பெண் இறால் முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். ஏனெனில், குஞ்சுகள் உவர்நீரில்தான் பிழைக்கும். நன்னீரிலேயே தங்கினால் சில நாள்களில் இறந்துவிடும். உருமாறி வளர்ந்த பின்பே அவை ஆற்றில் மேலேறும். ஆறு கடலைத் தொடாவிட்டால் இந்தப் பயணம் அறுந்துவிடும். நீரோட்டம் குறைந்தால் உப்பு நீரும் மேலேறி, குடிநீரையும் வயலையும் கெடுக்கும். அதைத் தடுக்கவே ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டுகிறார்கள். அத்தடுப்பணையோ இறாலின் வழியை மறிக்கிறது. ஆகவே, கடலுக்குப் போகும் நீர் வீண் அல்ல.

அப்படியானால் விவசாயி என்ன செய்வது? அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம் ஒரு வழி சொல்கிறது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு நீர் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயக்கூடாது. இம்முறையில் 30 விழுக்காடு வரை பாசன நீர் மிச்சமாகும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை வறண்ட மாதங்களில் ஆற்றிலேயே விடலாம்.

தூண்டில்காரருக்கும் பொறுப்புண்டு. முட்டையோடு சிக்கும் இறாலை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

செய்து பாருங்கள்: நாளுக்கு 100,000 லிட்டர் பாய்ச்சும் ஒரு ஹெக்டர் வயலில் 30 விழுக்காடு மிச்சமானால், 1,000 ஹெக்டரில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் மிஞ்சும்? அதில் எவ்வளவை ஆற்றுக்கு விடுவீர்கள், ஏன்?