கப்பல் கம்பெனியும் ஒரு கையெழுத்தும்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவைச் செயலாளர் போனில் கேட்டபோது, "நான் என்னத்த எழுதறது தம்பி? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ரீஃபர் கன்டெய்னர்தான்" என்றேன். "அதையே எழுதுங்கண்ணே. இன்டர்வியூவுக்குப் போனா, எங்க கம்பெனியோட நோக்கம் என்ன, கோர் வேல்யூஸ் என்னன்னு கேக்கிறாங்க. மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டு வர்றோம். ஒண்ணும் புரியல" என்றார். நானும் இதே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஆபீஸ் சுவரில் அப்படி ஒரு பலகையைப் பார்த்தவன்தான். எனக்கும் அப்போது புரியவில்லை. புரிந்த கதையை எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நாம் ஏன் கப்பல் ஓட்டுகிறோம் என்பதற்குப் பதில், நோக்கம். ஓட்டும்போது எப்படி நடந்துகொள்வோம், எவ்வளவு லாபம் வந்தாலும் எதைச் செய்யமாட்டோம் என்பதற்குப் பதில், விழுமியம். இன்டர்வியூவில் கேட்கும் கோர் வேல்யூஸ் இதுதான். இரண்டுக்கும் ஆளுக்கொரு கப்பல் கம்பெனியை உதாரணமாகப் பார்ப்போம்.

நோக்கம்: தூத்துக்குடி, 1906

பலர் சேர்ந்து பகிர்ந்துகொண்ட நோக்கத்துக்கு நம் ஊரைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவது மட்டும் அவர்கள் நோக்கமல்ல. நம் ஆட்களுக்குக் கப்பல் ஓட்டவும் கப்பல் கட்டவும் கற்றுக்கொடுப்பதும் அந்தக் கம்பெனியின் குறிக்கோள்களில் இருந்தது. தொழிற்கல்வி படிக்கிற நாம் இதை ஒரு நிமிடம் நின்று யோசிக்கவேண்டும். டிக்கெட் விற்கக் கிளம்பிய கம்பெனி, தொழில் தெரிந்த ஆட்களை உருவாக்கவும் கனவு கண்டிருக்கிறது!

போட்டியாக இருந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. சும்மாவே ஏற்றிக்கொண்டு போய், கையில் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-க்குள் கம்பெனி முடிந்துபோயிற்று. நோக்கம் சிறியது என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் எதிரில் நின்றது ஒரு அரசாங்கம். நோக்கம் உயர்ந்ததாக இருந்தால் கம்பெனி தானாகவே நிலைத்துவிடும் என்று சொல்வது மாணவர்களை ஏமாற்றுவதாகும்.

விழுமியம்: டென்மார்க், 1904

சுதேசிக் கம்பெனிக்கு இரண்டு ஆண்டு முன்னால், 1904-ல், டென்மார்க்கில் ஸ்வெண்ட்போர்க் என்ற சிறிய துறைமுக ஊரில் ஏ.பி.மொல்லர் என்ற இளைஞரும் கப்பல் மாலுமியான அவர் தகப்பனாரும் சேர்ந்து ஒரு நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கினார்கள். அவர்களும் பழைய கப்பலை வாங்கித்தான் தொழிலுக்கு வந்தார்கள். இவர்களுக்குச் சொந்த நாட்டுக் கொடி துணையாக இருந்தது. அதுதான் இன்று உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க். நீல நிறத்தில் வெள்ளை நட்சத்திரம் போட்ட பெட்டிகளை ஹைவேயில் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கம்பெனி தன் விழுமியங்களாக ஐந்தைச் சொல்கிறது:

1. இடைவிடாத அக்கறை
2. பணிவு
3. நேர்மை
4. நம் ஊழியர்கள்
5. நம் பெயர்

இதில் முதலாவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1946-ல் மொல்லர் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், அக்கறையாக இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய எந்த நஷ்டமும் நமக்கு வரக்கூடாது என்ற கருத்தை எழுதினார். டேனிஷ் மொழியில் அவர் எழுதிய சொல்லுக்கு 'உரிய காலத்தில் காட்டும் அக்கறை' என்று பொருள். காரியம் கெட்டபின் ஓடுவது அக்கறை ஆகாது. முன்கூட்டியே பார்ப்பதுதான் அக்கறை.

சரி, இப்படி எழுதி வைத்த கம்பெனிக்குச் சறுக்கலே வரவில்லையா? வந்தது. அதுதான் நமக்குப் பாடம்.

27 ஜூன் 2017 அன்று நாட்பெட்யா என்ற கம்ப்யூட்டர் வைரஸ் உலகமெங்கும் பல நிறுவனங்களைத் தாக்கியது. மெர்ஸ்க்கின் கம்ப்யூட்டர்களும் முடங்கின. கப்பல்கள் கடலில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எங்கே இறக்கவேண்டும் என்ற கணக்குதான் மறைந்துபோனது. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவினார்கள். அதுவரை ஊழியர்கள் கையாலேயே எழுதி வேலையை நகர்த்தினார்கள். நஷ்டம் 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என்று கம்பெனியே சொன்னது. கம்ப்யூட்டர் பாதுகாப்பில் நாங்கள் சுமாராகத்தான் இருந்தோம் என்று அதன் தலைவர் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். முதல் விழுமியத்தில் சறுக்கினார்கள். பணிவும் நேர்மையும் அப்போது கைகொடுத்தன.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. 6 மார்ச் 2018 அன்று அரபிக் கடலில் மெர்ஸ்க் ஹோனம் என்ற கன்டெய்னர் கப்பலில் தீப்பிடித்தது. கப்பலில் இருந்த 27 பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். தீ தொடங்கிய அறையில் இருந்த ஆபத்தான சரக்கெல்லாம் சர்வதேச விதிப்படிதான் அடுக்கப்பட்டிருந்தது என்று கம்பெனி சொன்னது. 'விதிப்படிதானே செய்தோம்' என்று அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஆபத்தான சரக்கை மாலுமிகள் தங்கும் பகுதிக்குப் பக்கத்திலும் கப்பலை உந்தும் பிரதான இயந்திரங்களுக்குப் பக்கத்திலும் வைப்பதில்லை என்று அதே ஆண்டில் தாங்களாகவே புதிய முறை வகுத்தார்கள். சட்டம் போதும் என்று சொல்கிற இடத்துக்கு மேல் ஒரு படி ஏறுவதற்குப் பெயர்தான் விழுமியம். ஆனால் அந்தப் படியை ஏறுவதற்கு முன்னால் ஐந்து உயிர் போயிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

என் கையெழுத்து

இனி என் கதை. நான் பார்த்தது ரீஃபர் டெக்னீஷியன் வேலை. மீன், இறால் ஏற்றும் குளிர்பெட்டியை ஏற்றுமதிக்காரருக்கு அனுப்புமுன் மின் இணைப்பு கொடுத்து முழுமையாகச் சோதிக்கவேண்டும். கம்ப்ரஸர், விசிறிகள், வெப்பநிலை சென்சார், உள்ளே படியும் பனியை உருக்கும் ஹீட்டர் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் லாரி வாசலில் நிற்கிறது. சூப்பர்வைசர் வந்து, "போன வாரம்தானே இந்தப் பெட்டி ஓடிச்சு? குளிர் வருதுல்ல? சைனப் போட்டு அனுப்புப்பா" என்றார். குளிர் வந்தது உண்மைதான். ஹீட்டரை நான் சோதிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். சுவரில் அந்தப் பலகை என் தலைக்கு மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியில் இறால் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஹீட்டர் வேலை செய்யாததால் உள்ளே குளிர்ச்சுருளில் பனி கட்டி, காற்று போகும் வழியை அடைத்துவிட்டது. மறுநாள் இரவு இரண்டு மணிக்கு, வரிசையாக நிற்கும் பெட்டிகளின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு வந்த வயதான அண்ணாச்சி ஒருவர், மைனஸ் 20-ல் இருக்கவேண்டியது மைனஸ் 13-க்கு வந்திருப்பதைப் பார்த்தார். உடனே போன் செய்தார். ஓடிப்போய் ஹீட்டரை மாற்றினோம். இறால் உருகாமல் தப்பியது. இன்னும் ஆறேழு மணி நேரம் போயிருந்தால் ஏற்றுமதிக்காரருக்குப் பல லட்சம் போயிருக்கும்.

விடியும் நேரத்தில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அண்ணாச்சி சோதனைத் தாளை நீட்டிக் கேட்டார்: "தம்பி, இது ஒன் கையெழுத்துதானா?"

"ஆமா அண்ணாச்சி."

"சரி, டீயக் குடி." அவ்வளவுதான். திட்டவில்லை. யாரிடமும் போட்டுக்கொடுக்கவும் இல்லை. அன்று காலையில் நானே மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். சூப்பர்வைசர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த அண்ணாச்சிக்குப் பலகையில் இருந்த ஆங்கிலத்தை வாசிக்கத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு, யாரும் பார்க்காத நேரத்தில், ஐம்பது பெட்டிக்கும் நடந்துபோய் மீட்டரைப் பார்த்தார். டென்மார்க்காரர் மகனுக்குக் கடிதத்தில் எழுதியதைத்தான் அவர் டார்ச் லைட்டோடு செய்துகொண்டிருந்தார்.

உங்களுக்குச் சில குறிப்புகள்

இன்டர்வியூவுக்குப் போகுமுன் கம்பெனியின் விழுமியங்களைப் படியுங்கள். தவறில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், "இதைக் காப்பாற்ற இந்தக் கம்பெனி எப்போது பணத்தையோ நேரத்தையோ இழந்தது?" என்று எழுதி விடை தேடுங்கள். விடை கிடைத்தால் அது விழுமியம். கிடைக்காவிட்டால் இப்போதைக்கு அது பலகை.

வேலைக்குச் சேர்ந்தபின், "லாரி நிக்குது, சைனப் போடு" என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவரும் கெட்டவர் அல்ல, அவருக்கும் மேலே நெருக்கடி இருக்கும். "சார், ஹீட்டர் மட்டும் பாத்துட்டுத் தர்றேன், அரை மணி நேரம் குடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிப் பழகுங்கள். முதல் தடவை சொல்வதுதான் கஷ்டம். எனக்கு அந்த இரவுக்குப் பிறகுதான் சொல்ல வந்தது. நீங்கள் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.