சுற்றறிக்கை வருகிறது, விடுப்பு வருவதில்லை

(கல்லூரி ஆசிரியர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர் பதிலளிக்கிறார்)

கேள்வி: அரசு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. பிஎச்.டி. முடித்துவிட்டுத்தான் பணிக்கு வந்தேன். துறை வாட்ஸ்அப் குழுவில் நாள் தவறாமல் ஏதாவது பயிற்சி, வெபினார், திட்ட அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. எதில் சேருவது, எதை விடுவது? துணிந்து விடுப்பு கேட்டால், “பாடம் யாரம்மா எடுப்பா?” என்கிறார் எங்கள் முதல்வர்.
– உதவிப் பேராசிரியர், சிவகங்கை மாவட்டம்

பதில்: முதலில் அந்தக் குழுவை மியூட்டில் போடுங்கள்.

உங்கள் பதவி உயர்வுக்கு எது கணக்கில் வரும் என்பதை பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்கிறது. பிஎச்.டி. இருப்பதால் நான்கு ஆண்டில் ஊதிய நிலை 10-லிருந்து 11-க்குப் போகலாம். நிலையின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700-லிருந்து 68,900 ஆகும். அதற்கு 21 நாள் ஓரியன்டேஷன் ஒன்று கட்டாயம். கூடவே ஒரு ரெஃப்ரெஷர் அல்லது ஆய்வு முறையியல் பயிற்சி வேண்டும். அது அமையாவிட்டால் குறைந்தது ஐந்து நாள் நடக்கும் பயிலரங்கு, ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி (எஃப்.டி.பி.) வகையில் இரண்டு, அல்லது சான்றிதழோடு முடித்த ஒரு ஸ்வயம் இணையவழிப் பாடம் போதும். இரண்டு மணி நேர வெபினாருக்கு வரும் வண்ணச் சான்றிதழ் எத்தனை சேர்ந்தாலும் இந்தக் கணக்கில் ஏறாது. உங்கள் கல்லூரிக்குப் பொருந்தும் அரசாணையின் நகல் அலுவலகத்தில் இருக்கும். கேட்டு வாங்கி ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பதவி உயர்வுக் கோப்பு திரும்பி வந்த பிறகு படிப்பவர்களே அதிகம்.

ஓரியன்டேஷன் நடத்துபவை, முன்பு அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரி என்றும் பிறகு மனிதவள மேம்பாட்டு மையம் என்றும் வழங்கிய அதே மையங்கள்தான். 2023 செப்டம்பரிலிருந்து மாளவியா மிஷன் என்ற பெயரில் இயங்குகின்றன. சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் உள்ளன.

இனி விடுப்பு. பயிற்சிக்கும் மாநாட்டுக்கும் கல்வியாண்டுக்கு 30 நாள் வரை பணிநிமித்த விடுப்பு, அதாவது ஓ.டி., தரலாம் என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. ‘தரலாம்’ என்பதைக் கவனியுங்கள். ஆகவே வாய்மொழியாகக் கேட்காதீர்கள். உங்கள் வகுப்புகளை யார் யார் எடுக்கிறார்கள் என்ற மாற்று அட்டவணையில் அவர்களிடம் கையெழுத்து வாங்கி, பயிற்சிக்குத் தேர்வான கடிதத்தோடு சேர்த்து எழுத்தில் கொடுங்கள். முதல்வர் நாற்காலியில் இருந்தவன் சொல்கிறேன்: அட்டவணை இணைத்த விண்ணப்பத்தை மறுப்பது கடினம். பயிற்சி ஆன்லைனில் என்றால் “வீட்டிலிருந்துதானே, வகுப்பையும் பாருங்கள்” என்பார்கள். ஒரு காதில் உரை, எதிரில் அறுபது பிள்ளைகள் என்றால் இரண்டுமே வீண். அதற்கும் ஓ.டி. கேளுங்கள்.

இதெல்லாம் சம்பளக் கணக்கு. ஆய்வு செய்ய ஆசை இருந்தால் நீங்கள் கண்ணில் வைக்க வேண்டியது ‘டேர்’ என்ற திட்டம். முன்பு எஸ்.இ.ஆர்.பி. நடத்தியது, இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. வேலையை விடாமல், ஆண்டுக்கு 30 முதல் 90 நாள் வரை ஒரு தேசிய ஆய்வகத்திலோ ஐ.ஐ.டி. போன்ற நிறுவனத்திலோ போய் ஆய்வு செய்யலாம். மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் ஆய்வுத்தொகை. அதில் பாதி உங்கள் கல்லூரிக்கே வரும். தனிப்பட்ட உதவித்தொகை ஆண்டுக்கு 60,000. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நீங்கள் வெபினார் தேடுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. அறிவிப்பு வரும்வரை காத்திராமல், உங்கள் ஆய்வுக்கு நெருக்கமான விஞ்ஞானி ஒருவருக்கு இப்போதே இரண்டு பக்கத் திட்டக்குறிப்பு அனுப்புங்கள். அவர் சம்மதம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது.

கேள்வி: ஏற்கத்தக்க இதழ்களைச் சொல்லும் யு.ஜி.சி. கேர் பட்டியல் போய்விட்டதாமே, இனி எந்த இதழில் கட்டுரை போடுவது?
– தமிழ்த்துறை ஆசிரியர், திருச்சி

பதில்: ஆமாம், 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். இதழ்களை மதிப்பிடும் பொறுப்பு இப்போது அந்தந்த நிறுவனத்தினுடையது. எனவே கட்டுரை அனுப்பும் முன், உங்கள் பல்கலைக்கழகம் எதை ஏற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தாமதமானாலும் கேட்டதற்குச் சான்று இருக்கும். பட்டியல் இருந்த காலத்திலேயே நல்ல இதழ்களின் பெயரில் போலித் தளம் தொடங்கிப் பணம் கறந்தார்கள். ஆசிரியர் குழுவில் உள்ளவர்களுக்கு நேராக மின்னஞ்சல் போட்டு, தங்கள் பெயர் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று விசாரியுங்கள். ஒரே வாரத்தில் ஏற்புக் கடிதமும் கட்டண விவரமும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: சுயநிதிக் கல்லூரியில் இருக்கிறேன். ‘ஒரே நாடு ஒரே சந்தா’வில் எங்களுக்கு இதழ்கள் கிடைக்குமா?
– ஈரோடு வாசகர்

பதில்: இப்போதைக்கு இல்லை. 2025-இல் தொடங்கிய அந்தத் திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கே தருகிறது. ஆனால் இன்ஃபிளிப்நெட்டின் ‘என்-லிஸ்ட்’ என்ற மின்னிதழ்த் திட்டத்தில் உங்கள் கல்லூரி ஆண்டுச் சந்தா கட்டிச் சேரலாம். ஒருவேளை ஏற்கெனவே கட்டியிருக்கலாம், தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வருவதற்கு முன் கட்டிவிட்டு மறந்துபோன கல்லூரிகள் உண்டு. நூலகரிடம் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறக்கச் சொல்லுங்கள். ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ அனைவருக்கும் இலவசம். குறிப்பிட்ட கட்டுரை எங்கும் அகப்படவில்லை என்றால் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.