மிருகக்காட்சிசாலையா, கேளிக்கைப் பூங்காவா? சான் டியேகோ செல்லும் குடும்பங்களுக்கு

கலிபோர்னியாவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளோடு சில மாதங்கள் தங்கிவரச் செல்லும் பெற்றோர், பேரக் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு சான் டியேகோ நகருக்குப் புறப்படும்போது, பிராணிகளைக் காண்பதற்கென்றே அங்கு மூன்று பெரிய ஸ்தலங்கள் இருப்பதைக் கண்டு, எதைத் தேர்ந்தெடுப்பது என்று திகைப்பது இயற்கை. மூன்றிலும் நுழைவுக் கட்டணம் கணிசமானது. ஒவ்வொன்றும் ஒரு முழுப் பகலை எடுத்துக்கொள்ளக் கூடியது. ஆகவே புறப்படுமுன் சற்று யோசிப்பது நல்லது.

முதலாவது, நகரின் நடுவே பல்போவா பூங்காவில் உள்ள மிருகக்காட்சிசாலை. 1915, 1916 ஆம் ஆண்டுகளில் அங்கே நடந்த பெரிய பொருட்காட்சிக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த சிங்கம் ஒன்றின் கர்ஜனையைக் கேட்ட ஹாரி வெஜ்ஃபோர்த் என்னும் வைத்தியர், இந்நகருக்கென ஒரு மிருகக்காட்சிசாலை வேண்டும் என்று சங்கற்பித்து, 1916 இலேயே அதற்கொரு சங்கத்தையும் நிறுவினார். கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழிகளை அமைத்து, பார்ப்பவருக்கும் மிருகத்துக்கும் இடையே வெறும் வெளி மட்டுமே இருக்கும்படி செய்வதில் அது வெகு காலத்துக்கு முன்பே முனைந்தது. சுமார் நூறு ஏக்கர் பரப்பு. ஆனால் மேடும் பள்ளத்தாக்குமாக அமைந்த நிலமாதலால், முழங்கால் வலி உள்ள முதியவர்கள் வந்தவுடனே நடக்கத் தொடங்காமல், வழிகாட்டியோடு சுற்றிவரும் பேருந்தில் ஏறி ஒருமுறை எல்லாவற்றையும் கண்ணால் அளந்துவிட்டு, மனத்துக்குப் பிடித்த நான்கைந்து இடங்களுக்கு மட்டும் பிறகு நடந்து செல்வதே உசிதம்.

இங்கே வேண்டியது பொறுமை. புலி உறங்கிக்கொண்டிருக்கும், கோலா, யூகலிப்டஸ் கிளையில் முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும். அவற்றை எழுப்பிக் காட்டுவதற்கு ஒருவரும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் காலையில் வாயில் திறந்தவுடன் நுழைந்து, ஒரே இடத்தில் அரைமணி நேரம் அமைதியாக நிற்கும் சிறுவனுக்கு, அந்த மிருகம் தன் சுபாவப்படி எழுந்து, நடந்து, உண்பதைக் காணும் பாக்கியம் பெரும்பாலும் கிட்டும்.

இரண்டாவதான, மிஷன் விரிகுடாக் கரையில் 1964 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸீவேர்ல்டின் இயல்பு வேறு. கடலடியில் ஓர் உணவு விடுதி கட்டலாம் என்று எண்ணிய நான்கு நண்பர்களின் யோசனை வளர்ந்து கேளிக்கைப் பூங்காவாக உருவெடுத்தது. அங்கே நம் பகலை ஆள்வது காட்சி நேர அட்டவணை. இன்ன மணிக்கு டால்பின், இன்ன மணிக்குக் கடற்சிங்கம் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு செல்பவர்கள் நிறையக் காண்பார்கள். இடையிடையே ரோலர் கோஸ்டர் ராட்டினங்களும் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அவையே பிரதானம். ஆனால் சிறு குழந்தைகளை உயரம் அளந்தே ஏற்றுவார்கள், ஆதலால் ஆசைகாட்டி அழைத்துச் சென்று ஏமாற்றமடையச் செய்ய வேண்டாம்.

இப்பூங்காவைப் பற்றி என் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்வது கடமை. திறந்த கடலில் ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீந்தவல்ல ஓர்க்காத் திமிங்கிலத்தை, எவ்வளவு பெரிதாயினும் ஒரு தொட்டிக்குள் வைத்துக் கரகோஷத்துக்காகத் துள்ளச் செய்தது அநியாயமே. 2013 இல் வெளியான ‘பிளாக்ஃபிஷ்’ என்னும் ஆவணப்படம் அமெரிக்க மக்களின் மனச்சாட்சியைத் தொட்டது. 2016 இல் ஓர்க்காக்களை இனி இனப்பெருக்கம் செய்விப்பதில்லை என்று அந்நிறுவனமே அறிவித்தது. கலிபோர்னியா அரசும் அதே ஆண்டு அதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 2017 ஜனவரியோடு பழைய ஓர்க்கா வித்தைக் காட்சி சான் டியேகோவில் நின்றது. இப்பொழுது உள்ளவையே அங்கு கடைசித் தலைமுறை. நம் இந்திய அரசு 2013 ஆம் ஆண்டிலேயே டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதியில்லை என்று முடிவு செய்தது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

ஆயினும் ஸீவேர்ல்ட் ஸ்தாபனம் செய்த நற்காரியத்தை மறைப்பதும் நியாயமாகாது. 1997 இல் தாயைப் பிரிந்து உயிர் ஊசலாடிய நிலையில் கரையருகே கிடைத்த சாம்பல் திமிங்கிலக் கன்று ஒன்றுக்கு, ஜே.ஜே. என்று பெயரிட்டு, ஓராண்டுக்கு மேல் ஊட்டி வளர்த்து, 1998 மார்ச்சில் கடலிலேயே கொண்டுபோய் விட்டவர்கள் அவர்கள். ஆகவே அங்கே செல்பவர்கள், கரை ஒதுங்கிய பிராணிகளைக் காக்கும் பணியைப் பற்றி ஊழியர்களிடம் கேட்டறிவதில் ஒரு மணி நேரத்தைச் செலவிடட்டும்.

மூன்றாவது, மிருகக்காட்சிசாலையின் சங்கமே 1972 இல் நகருக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் திறந்த சஃபாரி பூங்கா. ஆயிரத்து எண்ணூறு ஏக்கர் விஸ்தீரணத்தில், ஒட்டகச்சிவிங்கிகளும் காண்டாமிருகங்களும் மந்தை மந்தையாக மேய, நாமோ டிராம் வண்டியில் அமர்ந்து ஓரமாகச் செல்கிறோம். அடைபட்டிருப்பவர் நாமே என்று தோன்றும். 1987 இல் உலகிலேயே இருபத்தேழு மட்டுமே எஞ்சியிருந்த கலிபோர்னியா காண்டர் கழுகுகளை, லாஸ் ஏஞ்சலிஸ் மிருகக்காட்சிசாலையும் இப்பூங்காவும் காத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தன. 1992 முதல் அவை மீண்டும் வானில் விடப்பட்டு, இன்று ஐந்நூறுக்கு மேல் பெருகியிருக்கின்றன. ஓர் இனம் அழியாமல் மீண்ட வரலாற்றை அது நடந்த இடத்திலேயே நின்று பேரனுக்குச் சொல்லக் கிடைக்கும் சந்தர்ப்பம் எளிதில் வாய்ப்பதன்று.

ஒரே நாள்தான் அவகாசம் என்றால், சிறு குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பம் நகரத்து மிருகக்காட்சிசாலைக்கே செல்லட்டும். கோலாவையும், 2024 இல் சீனாவிலிருந்து வந்த பாண்டாக்களையும் பார்த்துவிட்டால் குழந்தைகளுக்குக் குறையிராது. இரண்டாவது நாள் இருந்தால், அது சஃபாரி பூங்காவுக்கு. ராட்டினத்தில் மோகமுள்ள வளர்ந்த பிள்ளைகள் வற்புறுத்தினால் மட்டும் ஸீவேர்ல்டைச் சேர்த்துக்கொள்ளலாம். கோடையில் ஸீவேர்ல்டில் கடற்காற்று உண்டு. சஃபாரி பூங்காவோ உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் இருப்பதால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் கடுமையாக இருக்கும். ஆகையால் வாயில் திறக்கும் நேரத்துக்கே சென்று, தொப்பியும் தண்ணீரும் கையோடு வைத்துக்கொண்டு, முதல் வேலையாக டிராம் வண்டியில் ஏறிவிட வேண்டும்.